மாமா, ஒரு வருஷம் கேப்!

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் சூளூர்பேட்டை வண்டியை விட்டு இறங்கினால் நம்மை முதலில் வரவேற்பது காற்றுதான். பாதி உப்பு, பாதி கருவாடு. மிச்சம் ஏதாவது இருந்தால் ஆக்ஸிஜன்.

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அடுத்த ஸ்டேஷன் தடா, அங்கே ஆந்திரா. தமிழ்நாடு முடிகிற இடத்துக்கு 'ஆரம்பா'க்கம் என்று பேர் வைத்த புண்ணியவான் நல்ல குசும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

என் தங்கையை இந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சீசன் டிக்கெட் ஆசாமி. விடியற்காலை வண்டியைப் பிடித்துச் சென்னையில் ஆபீஸ், ராத்திரி திரும்பி வந்து தூக்கம். அவருடைய அப்பா பழவேற்காடு ஏரியில் வலை வீசியவர். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாக ஃபேன் காற்றில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் மாப்பிள்ளைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் போயிருந்தேன். பையன் நல்ல மார்க்கில் பாஸ். ஆனால் வீடு துஷ்டி கேட்கப் போன வீடு மாதிரி இருந்தது. தங்கை காபியைக் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தாள்.

"அண்ணா, இவன் என்ன சொல்றான்னு நீயே கேளு."

மருமகன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணுமில்ல மாமா. காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கேப் எடுத்துக்கறேன்னு சொன்னேன்."

திண்ணையிலிருந்து பெரியவர் குரல். "இன்னாடா, கேப்பையா? கூழு காச்சவா?"

"இல்ல தாத்தா, கேப்பு."

"தலையில மாட்டுவாங்களே, அதுவா?"

"அது இல்ல."

"அப்ப வாடகைக் காரு."

மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தார். "கேப்னா இடைவெளிப்பா! பல்லுல இருந்தா டாக்டர்கிட்ட போய் அடைக்கிறோம். ஃபைல்ல இருந்தா மெமோ குடுக்கறான். பயோடேட்டால இருந்தா வேலையே குடுக்க மாட்டான். அதைப் போய் காசு குடுத்து வாங்கிக்கறேங்கறான் உங்க பேரன்!"

"ஏன்டா கேப்?" என்றேன் நான், நடுநிலையாக.

"எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியலை மாமா."

"தெரியலைன்னு சொல்றதுக்கா பன்னிரண்டு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?" என்றார் மாப்பிள்ளை. அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும்தான்.

*

வினை எங்கே ஆரம்பித்தது என்று விசாரித்தேன். கொடைக்கானலில்.

பரீட்சை முடிந்து நண்பர்களோடு டூர் போயிருக்கிறான். கொடைக்கானலைத் தாண்டி வட்டக்கானல் என்று ஒரு கிராமம். 'குட்டி இஸ்ரேல்' என்று அதற்குச் செல்லப் பெயர். இஸ்ரேலில் பள்ளிக்கூடம் முடித்ததும் ஆணோ பெண்ணோ, பெரும்பாலானவர்கள் பட்டாளத்துக்குப் போயாக வேண்டும். பெண்களுக்கு இரண்டு வருஷம், ஆண்களுக்கு இரண்டரை, மூன்று. முடிந்ததும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அதில் ஒரு கோஷ்டி வருஷா வருஷம் வட்டக்கானலுக்கு வருகிறது. டீக்கடையில் நம்ம பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவன், "நாங்க வெளியே வர்றோம். அமெரிக்காவிலே, இங்கிலாந்திலே இருக்கற யூதப் பசங்க ஸ்கூல் முடிச்சதும் ஒரு வருஷம் எங்க ஊருக்கு வந்து படிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். தீ இங்கே பற்றிக்கொண்டது.

"அண்ணா, அதெல்லாம் நிஜமா?" என்றாள் தங்கை. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி ஜீவன்.

நிஜம்தான். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு வாழைப்பழம்.

என் பழைய ஆபீஸில் நியூஜெர்சியிலிருந்து ஒரு யூதர் ஆறு மாசம் ப்ராஜெக்ட் வேலையாக வந்து உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் எல்லோரும் சாப்பாட்டை வெட்டும்போது அவர் மட்டும் தோல் உரித்து வாழைப்பழம் சாப்பிடுவார். அவர்களுக்குச் சாப்பாட்டில் ஆசாரம் அதிகம். 'கோஷர்' என்று பேர். எந்தப் பாத்திரத்தில் எதைச் சமைத்தது என்று தெரியாவிட்டால் வாய் வைக்க மாட்டார்கள். கேன்டீன் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, "சாருக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். அந்த வாழைப்பழத்தின் மேல்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது. தன் பதினெட்டாவது வயதில் ஜெருசலேமில் கழித்த முதல் வாரத்தை அவர் தவணை முறையில் எனக்குச் சொன்னார். அதைத்தான் அன்று ராத்திரி தங்கை வீட்டுக் கூடத்தில் சொன்னேன்.

*

1990 ஆகஸ்ட். சதாம் உசேன் 2ஆம் தேதி குவைத்துக்குள் புகுந்திருந்தார். மூன்று வாரம் கழித்து நம்ம ஆள் நியூயார்க்கில் விமானம் ஏறுகிறார். அம்மா அழுகை. அப்பா அழாமல், பாஸ்போர்ட்டை ஏழு தடவை செக் பண்ணினாராம். (அப்பாக்கள் உலகம் முழுக்க ஒரே பிராண்ட்.)

நடுவில் வரலாறு கொஞ்சம். வெளிநாட்டு யூத இளைஞர்களுக்கு ஜெருசலேமில் ஒரு வருஷப் பயிற்சி என்பது 1946லேயே, இஸ்ரேல் என்ற நாடு பிறப்பதற்கு முன்பே, ஆரம்பித்த ஏற்பாடு. அமெரிக்காவின் 'யங் ஜூடேயா' இயக்கம் 1956லிருந்து ஒரு வருஷ கோர்ஸ் நடத்துகிறது. 2004ல் இஸ்ரேல் அரசாங்கமும் யூத ஏஜென்சியும் சேர்ந்து 'மஸா' என்று ஒரு திட்டம் தொடங்கி உதவித்தொகைகூடக் கொடுக்கிறார்கள். ஆசாரமான குடும்பத்துப் பையன்கள் 'யெஷிவா' என்கிற பாடசாலைக்குப் போவார்கள். பெண்களுக்கும் உண்டு. ஆண்களே படித்துவந்த தால்முத் நூலைப் பெண்களுக்கும் சொல்லித்தர 1976ல் ஜெருசலேமில் ஒரு கல்விச்சாலை வந்தது. இப்போது அதன் பெயர் மித்ரெஷெத் லிண்டன்பாம்.

வரலாறு முடிந்தது. விமானம் இறங்கிவிட்டது.

ஏர்போர்ட்டிலிருந்து ஜெருசலேமுக்கு 'ஷேருத்' என்று ஒரு வேன். பேரிலேயே ஷேர் இருக்கிறது பாருங்கள், நம்ம ஷேர் ஆட்டோவேதான். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நம்மவர் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஹீப்ரு படித்தவர், முதல் மார்க். தைரியமாக டிரைவரிடம் ஹீப்ருவில் பேசியிருக்கிறார். டிரைவர் 'ஙே' என்று விழித்தார். பிறகு வண்டி முழுக்கச் சிரிப்பு. அவர் படித்தது வேதத்து ஹீப்ரு. சங்க இலக்கியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, கோயம்பேட்டில் கண்டக்டரிடம், "ஐய, இப்பேருந்து திண்டிவனம் ஏகுமோ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

புரிந்த வார்த்தைகள் இரண்டுதானாம். வேனில் ஒரு குழந்தை கத்திய வார்த்தைகள்: 'அப்பா', 'இம்மா'. ஆமாம் சார், ஹீப்ருவில் அப்பாவுக்கு அப்பா, அம்மாவுக்கு இம்மா. இதைச் சொன்னதும் பெரியவர் திண்ணையிலிருந்து கூடத்துக்கு நகர்ந்து வந்துவிட்டார். "நம்மாளுங்கதான்" என்றார் முடிவாக.

மறுநாள் காலை பாடசாலை. அங்கே எலுல் என்கிற மாசம் பிறந்துவிட்டது. நம்ம மார்கழி மாதிரி. புத்தாண்டுக்கு முந்தைய மாசம், மனசைச் சுத்தம் பண்ணுகிற மாசம். தினமும் காலை பிரார்த்தனையில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள், நாம் சங்கு ஊதுகிற மாதிரி. அலாரம் தேவையில்லை.

படிக்கிற ஹால் கதவைத் திறந்தவர் பயந்து மூடிவிட்டாராம். நம்ம ஊர் லைப்ரரியில் 'அமைதி காக்க' என்று போர்டு வைத்திருப்போமே, அதற்கு நேர் எதிர். காசிமேட்டு ஏலம் மாதிரி சத்தம். நூறு பையன்கள், இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கையை ஆட்டி, மேஜையைத் தட்டிச் சண்டை. சண்டையில்லை, அதுதான் படிப்பு. 'ஹவ்ருத்தா' என்று பேர். தனியாகப் படிக்கக் கூடாது. ஒருத்தன் சொல்ல வேண்டும், மற்றவன் மறுக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் படிப்பு நின்றுவிடும்.

"நம்ம வீட்லயும் அதேதான் நடக்குது" என்றாள் தங்கை, மாப்பிள்ளையைப் பார்த்தபடி.

படிக்கிற நூல் தால்முத். பக்கத்தின் நடுவில் மூலம், கமா கிடையாது, ஃபுல்ஸ்டாப் கிடையாது, பெரும்பாலும் அராமிய மொழி. ஒரு பக்கம் ராஷி உரை. அவர் 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்காரர், குறளுக்குப் பரிமேலழகர் மாதிரி. இன்னொரு பக்கம் ராஷியின் பேரன்மாரும் அவர்கள் வழியில் வந்தவர்களும் எழுதிய உரை. அதில் தாத்தாவையே மடக்கிக் கேள்வி. மொத்தம் 2,711 தாள். தினம் ஒரு தாள் வீதம் உலகம் முழுக்கச் சேர்ந்து படிக்கிற வழக்கம் 1923ல் ஆரம்பித்தது. ஒரு சுற்று முடிக்க ஏழரை வருஷம். (ஏழரை என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார் என்று தெரியும். அவர்களுக்கும் சனிதான் விசேஷம், ஆனால் அது ஓய்வு நாள்!)

நம்மவருக்கு ஜோடி ஒரு மான்செஸ்டர் பையன். இரண்டு மணி நேரத்தில் நாலு வரி. ஆசிரியர் வந்தார். "புரிந்ததா?"

"புரிந்தது சார்." பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியானால் சரியாகப் படிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் வரை இதே கூத்து. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினவன் இங்கே பூஜ்யம். ராத்திரி அப்பாவுக்கு கலெக்ட் கால் போட்டு, திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுதிருக்கிறார். அப்பா காசு போனாலும் பரவாயில்லை என்று பத்து நிமிஷம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார், அப்புறம் பேசலாம்" என்றாராம்.

நாலாம் நாள் ஆசிரியர் கேட்டபோது, "தெரியவில்லை சார், ஒரு வரிகூடத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தால் அதில் பக்க எண் இரண்டு என்று இருந்தது.

தால்முத்தின் கிட்டத்தட்ட எந்தப் பகுதியை எடுத்தாலும் அப்படித்தான், இரண்டில்தான் ஆரம்பிக்கும். அச்சுக்காரர்கள் முகப்புத் தாளை ஒன்று என்று கணக்கு வைத்ததால் வந்தது என்பார்கள். ஆனால் பெர்டிச்சேவ் ஊர் ரபி லேவி யிட்ஸாக் அதற்கு வேறு விளக்கம் சொன்னதாக ஒரு கதை உண்டு. எவ்வளவு படித்தவனும் தான் இன்னும் முதல் பக்கத்துக்கே வரவில்லை என்பதை மறக்கக் கூடாது, அதற்காகத்தான் என்று. ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு, "இப்போது ஆரம்பிக்கலாமா?" என்றாராம்.

*

அடுத்து வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானத்திலிருந்தே கடைகள் மூட ஆரம்பித்தன. பஸ் நின்றது. சூரியன் மறைய 40 நிமிஷம் இருக்கும்போது ஜெருசலேமில் ஆலைச் சங்கு மாதிரி சைரன் ஊதும். அதற்கப்புறம் சமையல் இல்லை, ஸ்விட்ச் போடுவதில்லை, பேனா பிடிப்பதில்லை. சனிக்கிழமை நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் ஊரே லீவு. வெளியூர்ப் பிள்ளைகளை அந்த ஒரு நாளைக்கு யார் வீட்டுக்காவது அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத வீடு. போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

இவர் தட்டிய கதவு மெஸிலத் ஸியோன் கிராமத்தில் இருந்தது. திறந்தது ஒரு பாட்டி. கொச்சிக்காரப் பாட்டி.

1950களின் நடுவில் கொச்சி, பரவூர், சேந்தமங்கலம் பக்கத்து யூதர்கள் கொத்துக் கொத்தாக இஸ்ரேலுக்குப் போனார்கள். யானைக்கால் நோய் வந்துவிடும் என்று பயந்து அந்த அரசாங்கம் முதலில் தயங்கியது. பிறகு அழைத்தது. காயலும் தென்னையுமாக வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியை நேவாதிம் என்ற பாலைவனக் கிராமத்தில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களுடைய முதல் வாரத்தோடு ஒப்பிட்டால் நம்மவர் பட்டது ஒன்றுமே இல்லை.

பாட்டி மீன் குழம்பு ஊற்றினாள். மிளகாய், புளி, தேங்காய்ப் பால். நியூஜெர்சி நாக்கு. ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். பாட்டி என்ன நினைத்தாள் தெரியுமா? பையனுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று இழுத்து அணைத்துக்கொண்டாளாம். அணைத்த பிறகு நிஜமாகவே அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். "அப்புறம் நான் அழுததில் எவ்வளவு மிளகாய், எவ்வளவு அம்மா என்று எனக்கே தெரியாது" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தவரை மான்செஸ்டர் பையன் எழுப்பினான். அங்கே ஞாயிறு வேலை நாள்! அவர் பட்ட அதிர்ச்சிகளிலேயே பெரியது இதுதான் என்றார். ஆபீஸ் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்கு மறுபடி போன் பண்ணினாரா என்று கேட்டேன். பண்ணினாராம். வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொன்னதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஜனவரியில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் டெல் அவிவ், ஹைஃபா பக்கம் விழுந்தபோது முகமூடியை மாட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாராம்.

*

கதை முடிந்தது. கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மருமகன் முகத்தில் வெற்றிப் பிரகாசம். நானும் இரண்டு உதாரணங்களை எடுத்துவிட்டேன்.

ஒன்று, உள்ளூர்ச் சரக்கு. டச்சுக்காரர்கள் 1613ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1630களில் அங்கே ஒரு பாதிரியார் வந்தார், ஆபிரகாம் ரொகேரியஸ். பேர்தான் ஆபிரகாம், யூதர் இல்லை. நமக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர், பத்மநாபன் என்ற ஒரு பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்த பிறகு 1651ல் லெய்டனில் அச்சாயிற்று. இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பா விவரமாகப் படித்த ஆரம்ப காலப் புத்தகங்களில் ஒன்று. 'எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்' என்று நம்ம ஏரிக்கரையில் ஒருத்தர் உட்கார்ந்ததால் வந்தது.

இரண்டு, டேவிட் ஷுல்மன். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து வாட்டர்லூ ஊர்ப் பையன். 1967ல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் இஸ்ரேலுக்குக் கிளம்பினார். அவர் ஒரு வருஷத்துக்காகப் போகவில்லை, குடியேறவே போய்விட்டார். ஜெருசலேம் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வரலாறும் அரபியும் படித்தார். பிறகு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, லண்டனில் 'அ, ஆ' விலிருந்து தமிழ் படிக்க உட்கார்ந்தார். தமிழ்நாட்டுத் தலபுராணங்களை ஆராய்ந்து 1980ல் பெரிய புத்தகம், 2016ல் தமிழ்மொழிக்கே ஒரு வாழ்க்கை வரலாறு. அவரை இந்தியப் பக்கம் திருப்பியவர்களில் ஹயீம் ராபின் என்ற ஹீப்ரு அறிஞரும் ஒருவர். பைபிளில் சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த மயிலுக்குப் பேர் 'துக்கி'. அது நம்ம 'தோகை'தான் என்று எழுதியவர்களில் ராபினும் உண்டு. (இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி. மூவாயிரம் வருஷத்தில் மயில் கிளியாகிவிட்டது, நம்ம இன்க்ரிமென்ட் மாதிரி.) ஷுல்மன் அந்த நாட்டிலேயே இருந்துகொண்டு பாலஸ்தீன கிராமத்து மக்களுக்காகவும் நிற்கிறவர். 2016ல் கிடைத்த இஸ்ரேல் பரிசுப் பணத்தை அப்படிப் போராடுகிற தாயுஷ் அமைப்புக்கே கொடுத்துவிட்டார்.

"இப்ப சொல்லுங்க மாப்ளே" என்றேன், மேஜையைத் தட்டாத குறையாக.

மாப்பிள்ளை நிதானமாகக் கேட்டார். "அந்த ஒரு வருஷத்துக்கு எவ்வளவு செலவு ஆகும் மச்சான்?"

சொல்லித்தான் ஆக வேண்டும். "இப்ப பல இடத்தில 25,000 டாலருக்கு மேல."

மனசுக்குள் பெருக்கினார். முகம் மாறியது.

"உங்க ஃப்ரெண்டு 'தெரியலை'ன்னு சொன்னா தாங்கிக்கறதுக்குப் பின்னாடி ஒரு அப்பா, ஒரு பேங்க், ஒரு ஊரே இருக்கு. இவனுக்கு நான் ஒருத்தன். நான் இந்த ஏரியை விட்டுக் கரையேற இருபது வருஷம் ஆச்சு மச்சான். ஒரு வருஷம் கால் வழுக்கினா மறுபடி தண்ணிதான்."

எனக்குப் பதில் வரவில்லை. அந்த நியூஜெர்சிக்காரரை நினைத்துக்கொண்டேன். 2023ல் அவருடைய பெண் அதே மாதிரி போயிருந்தாள். போய் ஏழு வாரத்தில் அக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் அந்த ஒரு நாளில் சுமார் 1,200 பேர் செத்தார்கள். அடுத்து வந்த போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கான பேர், குழந்தைகள் உட்பட. பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். "1990ல் என் அப்பா போனில் ஏன் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது" என்று எழுதியிருந்தார். பிள்ளையை அனுப்புகிறவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற மாமாவுக்கு என்ன தெரியும்?

ஒன்று மட்டும் சொன்னேன். நம்ம ஊரிலும் கேப் இருக்கிறது மாப்ளே. நீட்டுக்கு ரிப்பீட்டர் என்று ஒரு வருஷம், அரியர் முடிக்க ஒரு வருஷம், குரூப் ஃபோர் எழுதிவிட்டுக் காத்திருக்க மூணு வருஷம். அதற்கு மட்டும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை. தோற்றதைச் சரிக்கட்டுவதற்கு வருஷங்களைக் கொடுக்கிறோம். 'தெரியலை' என்று சொல்வதற்கு ஒரு வாரம்கூடக் கொடுப்பதில்லை. ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் பாத்ரூம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்த பரம்பரை நாம்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

பெரியவர்தான் வாயைத் திறந்தார். "காலேஜு தொறக்க எத்தினி நாள் இருக்கு?"

"ரெண்டு மாசம் தாத்தா."

"வருஷம்லாம் வாணாம். அது போதும். காலையில என்கூட வா."

"அப்பா, ஏரி வேணாம்பா!"

"ஏன்டா, ஏரி உன்னப் புடிச்சா வெச்சுக்கிச்சு? வுட்டுச்சுல்ல?"

*

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி. அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட், இந்தப் பக்கம் வலை. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பேர் 'பாடு'. பேர் வைத்தவர் இங்கேயும் குசும்புக்காரர்தான்.

முழங்கால் தண்ணீரில் பெரியவர் வீச்சு வலையைத் தோளில் போட்டு ஒரு சுழற்று சுழற்றினார். வட்டமாக, தட்டு மாதிரி விரிந்து விழுந்தது. மருமகன் வீசினான். சுருட்டின பாய் மாதிரி 'தொப்'. கூடவே அவனும் 'தொப்'. நான் கரையிலேயே ஒருதரம் சேற்றில் உட்கார்ந்து எழுந்துவிட்டதால் சிரிக்கிற தகுதியை இழந்திருந்தேன்.

மாப்பிள்ளை கரையில் ஆபீஸ் பேன்ட்டோடு, டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தாராம். ஸ்டேஷன் எதிர்த் திசையில் இருக்கிறது.

"நீ வீசிக் காமிடா உம் புள்ளைக்கு" என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். வலையைத் தோளில் போட்டார். ஒரு முனையைப் பல்லில் கடித்தார். நின்றார். கையை மாற்றினார். மறுபடி நின்றார்.

"என்னப்பா?" என்றான் பையன்.

"மறந்துபோச்சுடா" என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "எப்படின்னு தெரியலை."

பையன் அவரைப் பார்த்தான். கேலியாக இல்லை. அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை போலிருக்கிறது. ஈர வலையின் மறுமுனையைக் கையில் எடுத்து, "தாத்தா இப்படித்தான் புடிச்சாருப்பா" என்றான். "இல்லடா, அப்படி இல்ல" என்றார் இவர். அவன் மறுக்க, இவர் மறுக்க, பெரியவர் இரண்டு பேரையும் மறுக்க... எனக்கு ஜெருசலேம் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

தூரத்தில் லோக்கல் கூவிக்கொண்டு போயிற்று. சீசன் டிக்கெட் ஆசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவருடைய ஆபீஸ் ரெஜிஸ்டரில் ஒரு கேப்!